மூச்சு விடத் தெரியாதவள்

எங்கள் கிணற்றில் மூச்சு விட்டவர் தோற்றார். அவ்வளவுதான் சட்டம். நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே எங்கள் தோட்டத்துக் கிணற்றில் எல்லோரும் ஒன்றாக முங்குவோம். யார் தலைக்கு மேல் முதலில் குமிழி வருகிறதோ அவர் அவுட். அதில் என் அண்ணனையே அழ வைத்திருக்கிறேன். நான் வயசுக்கு வந்ததும் அம்மா கிணற்றுப் பக்கமே போகக்கூடாது என்றுவிட்டார். அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

அதனால், எண்பதுகளின் தொடக்கத்தில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, மண்டபம் பக்கம் ஆழமில்லாத கடலில் முழுகிக் கிடக்கும் ஒரு கப்பலையும் அதில் ஒட்டி வளரும் உயிர்களையும் பார்த்து வர வாய்ப்பு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு முன் ஸ்கூபா, அதாவது நீருக்கடியிலேயே மூச்சு விட்டு நீந்துவது, பழக வேண்டும். மதுரையில் அதற்கு ஏது இடம்?

“எங்க கிணறு இருக்கு சார்” என்றேன், சொல்லித்தர வந்த பயிற்சியாளரிடம்.

அவர் தூத்துக்குடிக்காரர், படு கண்டிப்பு. ஜீப்பிலிருந்து அவர் சிலிண்டரை இறக்கியதும் அம்மா முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

“ஏத்தா, காஸ் கனெக்சன் குடுத்துட்டாகளா?”

உள்ளே இருப்பது வெறும் காற்று என்றேன். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “காத்தையா இம்புட்டுத் தூரம் சொமந்துட்டு வந்தீக?”

அண்ணனின் பழைய பேண்ட்டையும் சட்டையையும் மாட்டிக்கொண்டு, முதுகில் சிலிண்டரோடு படியில் நின்றேன். பயிற்சியாளர் சொன்னார்: “ஒரே விதிதாம்மா. மூச்ச நிறுத்தக் கூடாது. அடியில இழுத்த காத்த அடக்கிக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிரும். குமிழி நின்னுச்சுன்னா உங்களுக்குக் கடல் கெடையாது.”

சரி சார் என்று இறங்கினேன். தலைக்கு மேல் தண்ணீர் மூடியதும் உடம்பு தன் பழைய புத்தியைக் காட்டிவிட்டது. வாயில் குழாய், முதுகில் காற்று, நானோ மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மேலே அண்ணன் “விடாதத்தா! விடாத!” என்று குதித்தானாம். பயிற்சியாளர் “விடுங்கம்மா! விடுங்க!” என்று அலறினாராம். கடைசியில் அவரே முங்கி வந்து உச்சந்தலையில் குட்டினார். அப்போதுதான் காற்று வெளியே வந்தது.

அண்ணனுக்கு ஒரே பெருமை. “சார், எந்தங்கச்சி சிலிண்டரே இல்லாம இருப்பா சார்!”

தினமும் இதே கூத்து. கடலுக்கு வேறு ஆளைப் பார்க்கலாம் என்று அவர் சொல்லத் தொடங்கியதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூச்சு விடக்கூடத் தெரியாதவளா நான்?

வழி டவுன் பஸ்ஸில் கிடைத்தது. கண்டக்டர் “காளவாச...ல்” என்று மூச்செல்லாம் தீர நீட்டிக் கூவிவிட்டு மறுபடி மூச்சை இழுத்தார். மறுநாள் கிணற்றுக்குள், குழாயைக் கடித்தபடியே அந்த பஸ்ஸின் ஒவ்வொரு ஸ்டாப்பாகக் கூவினேன். ஸ்டாப்புக்கு ஒரு கொத்துக் குமிழி. பெரியார் பஸ் நிலையம் வரை கூவிக்கொண்டே போய்த் திரும்பி வந்தேன். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். பயிற்சியாளர், “மண்டபம் போலாம்” என்றார்.

படகிலும் அதையே சொன்னார்: “குமிழி நின்னா நேரா மேலதான்.”

கடல் வெதுவெதுவென்றிருந்தது. கீழே கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் கதவு வழியாக மஞ்சள் மீன்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஒரு ஜன்னல் முழுக்க ஒரு தடித்த மீனின் மூஞ்சி. மிதக்கிற கப்பலில் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. எடுத்த எடுப்பிலேயே முழுகிய கப்பலுக்கு வந்துவிட்டேனே என்று நினைத்ததும் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால், கண்ணையும் மூக்கையும் மூடியிருக்கும் கண்ணாடி முகத்தை விட்டு விலகும் என்று யாருக்குத் தெரியும்? உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. உடம்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

குமிழி நின்றது.

பயிற்சியாளர் என் முன்னால் வந்து, மேலே போகச் சொல்லிக் கட்டைவிரலைத் தூக்கினார். கை எட்டும் தூரத்தில் கப்பல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வரி போட்ட சின்ன மீன் ஒன்று வந்து, தூக்கிய அந்த விரலை நறுக்கென்று கடித்தது. சுட்டதுபோல் அவர் கையை உதறினார். நான் வெடித்துச் சிரித்தேன். அடைத்திருந்த மூச்செல்லாம் குபுகுபுவென்று மேலே போனது. அவர் முறைத்தார், முறைக்கப் பார்த்தார், முடியவில்லை. கன்னம் உப்பியது, அவர் கண்ணாடிக்குள்ளும் தண்ணீர் ஏறியது. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றினோம்.

பிறகு அவர் என் தலைக்கு மேலே பார்த்தார். குமிழி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, கப்பல் பக்கம் கையை நீட்டினார்.