சப்பரம் வராத தெரு

மிக்கேல் அதிதூதரின் சப்பரம் எங்கள் தெருமுனையில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசந்துபோகிறது. கையில் வாள், காலடியில் பிசாசு, கழுத்து நிறைய ரோஜா மாலை. நாங்கள் தட்டில் காணிக்கையாக உப்பும் மிளகும் ஏந்தி, தெருவை விட்டு வெளியே போய் நின்று கும்பிட வேண்டும். எங்கள் பாட்டு முடிவதற்குள் சப்பரம் மேலத்தெருப் பக்கம் நகர்ந்துவிடும். திருமானூருக்குப் பக்கத்தில் ஓர் ஊர். எல்லோருக்கும் ஒரே கோயில், ஒரே ஞானஸ்நானம். சப்பரம் மட்டும் எங்கள் தெருவுக்குள் வராது.

சின்னம்மா, என் அம்மாவின் தங்கை, அரியலூரில் நர்சாக இருந்து ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பியவர். மேலத்தெருப் பிள்ளைகள் பலர் அவர் கையில் பிறந்தவர்கள். தூதர்களில் அவருக்கு ரபேலைத்தான் பிடிக்கும். கபிரியேல் சேதி சொல்லிவிட்டுப் போனார், மிக்கேல் சண்டை போட்டார். ரபேலோ பார்வையிழந்த தோபித்தின் மகனுக்கு வழித்துணையாக, தான் யாரென்று சொல்லாமலே கூட நடந்து, திரும்பி வந்து கிழவருக்குக் கண்ணும் தெளிய வைத்தார் என்பார். கூடவே இருப்பதுதான் தூதர் வேலை என்பது சின்னம்மாவின் எண்ணம்.

சப்பரம் எங்கள் தெருவுக்குள்ளும் வர வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் மேலத்தெருக்காரரான விழாக்குழுத் தலைவர், "தெரு குறுகல்ங்க, வண்டி திரும்பாது" என்பார். எங்கள் தெருக்காரர்கள் வாசற்படிகளை இடித்து இடம் விட்டார்கள். முதலில் இடிந்தது சின்னம்மா வீட்டுப் படி. சிமென்ட் ரோடும் வந்தது. அடுத்த திருவிழாவில் கரண்டுக் கம்பி தாழ்வாகத் தொங்குகிறது என்றார். அலைந்து திரிந்து கம்பியையும் உயர்த்தச் செய்தோம். கடைசியில் பங்குச் சாமியார் முன்னால் கூட்டம் நடந்தபோது தலைவர் எதையும் மறைக்கவில்லை.

"வழக்கம் இல்லீங்க சாமி. புதுசா எதுக்கு?"

சின்னம்மா எழுந்தார். "ரபேலு எம்புட்டு தூரம் நடந்தாரு. எந்தத் தெருவுன்னு கேட்டுட்டா நடந்தாரு? எங்க தெருவுக்கு வந்தா மிக்கேலுக்கு ரெக்கை ஒடிஞ்சிடுமாங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாமியார் மேசையையே பார்த்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுத்துப் போங்க" என்றார். படியை இடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது.

பிறகு தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை. சப்பரம் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும், இல்லையென்றால் எங்குமே போகக் கூடாது என்றார் தாசில்தார். மேலத்தெருக்காரர்கள் கூடிப் பேசக்கூட இல்லை. "எங்கயும் வேணாங்க" என்றார்கள். அந்த ஆண்டிலிருந்து அதிதூதர் கோயில் மதிலுக்குள்ளேயே சுற்றுகிறார். எங்கள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத் தங்கள் வாசலுக்கும் வரவேண்டாம் என்று விட்டவர்களின் பக்தியை என்னவென்று சொல்வது?

மறு ஆண்டு சின்னம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒருநாள் பகலில் தலைவரின் மனைவி ஆரஞ்சுப் பையோடு வந்தார். அவருடைய மூத்த மகன் பிறந்தபோது பிரசவம் பார்த்தவர் சின்னம்மாதான். கட்டில் ஓரத்தில் நின்று, "அதிதூதர் ஒங்களக் காப்பாத்துவாரு, நர்சம்மா" என்றார்.

"அவரத்தான் நீங்க உள்ளாறயே பூட்டி வச்சிட்டீங்களே" என்றார் சின்னம்மா.

அந்த அம்மாள் தலை குனிந்தார். "எனக்கும் புடிக்கலீங்க. வூட்டுல சொல்ல முடியாது."

"ஒரு வார்த்த சொல்ல முடியாதவங்களுக்கு தூதரு என்னத்துக்குங்க?"

அந்த அம்மாள் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சின்னம்மா பழத்தைத் தொடவில்லை. அந்த மாதமே இறந்துபோனார்.

பெரம்பலூரில் இருக்கும் எனக்கு இப்போதும் செப்டம்பர் தோறும் திருவிழா அழைப்பு வருகிறது. அதிதூதர் அனைவரையும் காப்பாராக என்று உறை மேலேயே அச்சடித்திருப்பார்கள். 'அனைவரையும்' என்ற சொல்லைப் படித்ததும் அருவருப்பு வந்துவிடுகிறது. உறையைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிட்டு, போய்க் கை கழுவுகிறேன்.