ஐம்பதைத் தேடச் சொன்ன பெண்

ஆறு மாதம் மட்டும் என்று சொல்லித்தான் அந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் போகும் சாலையில், முந்திரித் தோப்பு ஒன்றை அழித்துக் கட்டிய பொறியியல் கல்லூரி அது. இரண்டாயிரத்து இரண்டில் நான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். படிக்கும்போதே சென்னைக் கம்பெனி ஒன்று என்னைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் கொடுத்தது. சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்தத் தேதி வரவில்லை. ஒரு வருடம் சேத்தியாத்தோப்பில் வீட்டோடு இருந்தேன். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் திரும்பும் நேரம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பிறகு ஒருநாள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். அதற்குப் பின் எதிர்பார்ப்பது என்பது தானாகவே நின்றுபோனது. அப்பாதான் கல்லூரி விளம்பரத்தைக் காட்டினார். விண்ணப்பம் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வகுப்பில் அறுபது பேர் எழுந்து நின்றார்கள். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர்கள். பாதிக்கு மேல் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள். திட்டக்குடி, அதையடுத்த மங்களூர் பக்கத்து விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள். ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும் என்று விதி. ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, "புரியுதா?" என்று கேட்டேன்.

"புரியுது மேடம்" என்றார்கள் ஒரே குரலில்.

முதல் தேர்விலேயே தெரிந்துவிட்டது, ஒரு வரிகூடப் புரியவில்லை என்று. எனக்கும் எல்லாம் புரிந்திருந்தது என்று சொல்ல முடியாது. நான் படித்ததும் மனப்பாடம்தான். கம்பெனி எதிலும் ஒருநாள்கூட வேலை பார்க்காத நான், கம்பெனி வேலைக்கு ஆட்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். எங்கள் துறைத் தலைவர் அரசுக் கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபப்படாத மனிதர். "ஏம்மா, இதெல்லாம் யோசிச்சா உடம்புக்கு ஆவாது. நோட்ஸ் குடு, புள்ளைங்க அப்படியே எழுதட்டும், பாஸ் ஆவட்டும்" என்றார்.

எனக்கு முன்னால் அந்தப் பாடத்தை நடத்தியவர் விட்டுப்போன நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் அதை வாசித்தேன், அவர்கள் எழுதினார்கள். அடுத்த வருடமும் அதையே வாசித்தேன். மூன்றாவது வருடம் நோட்டைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. என் வாய் சொல்லிக்கொண்டிருக்கும், நான் ஜன்னல் வழியாக வேப்பூர் பக்கம் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வருத்தமாக இருந்ததா என்று இப்போது யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஒன்றுமே இல்லை. சாயங்காலம் பஸ் ஏறுவேன், வீட்டுக்குப் போவேன், சாப்பிடுவேன், மறுநாள் வருவேன்.

அந்த மூன்றாவது வருடம்தான் அவள் இரண்டாமாண்டில் என் வகுப்புக்கு வந்தாள். ஒல்லியான பெண். டவுனில் ஃபியூஸ் கட்டை செய்யும் பீங்கான் கம்பெனியில் அவளுடைய அப்பாவுக்குச் சூளை வேலை. பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். வகுப்பில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

மாதத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வரிசையாக அடுக்கிய எண்களில் ஓர் எண்ணைத் தேடும் புரோகிராம் கேட்டிருந்தேன். வரிசையின் நடுவில் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். தேடுவது அதைவிடப் பெரியது என்றால் வலது பாதி, சிறியது என்றால் இடது பாதி. இப்படிப் பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே போவது. தாளுக்குத் தாள் ஒரே விடை, ஒரே எழுத்துகள். டிக் அடித்துக்கொண்டே போன கை அவளுடைய தாளில் நின்றது. ஒரு வரியில், நோட்டில் இல்லாதபடி, கூடுதலாக ஒன்று என்ற எண்ணைக் கூட்டியிருந்தாள். சிவப்பு மையால் அந்த வரியை அடித்து, முழு மதிப்பெண்ணையும் கழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன். ஏன் கூட்டியிருக்கிறாள் என்று யோசிக்கக்கூட இல்லை.

மறுநாள் மதியம் அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் தாளோடு நின்றாள்.

"மேடம், இது கரெக்டுங்க மேடம்."

"நோட்ஸ்ல அப்படியா இருக்குது?"

"நோட்ஸ்ல இருக்கறது தப்புங்க மேடம்." சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். "லேபுக்கு வந்து ஓட்டிப் பாக்கறீங்களா?"

போனேன். இருபது கம்ப்யூட்டர்களில் பன்னிரண்டு ஓடும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் இருந்த ஒன்றில் உட்கார்ந்தாள். நோட்டில் உள்ள புரோகிராமை ஏற்கெனவே அடித்து வைத்திருந்தாள். பத்து, இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது என்று ஐந்து எண்கள். எங்கள் லேப் செய்முறை ரெக்கார்டில் எப்போதும் முப்பதைத்தான் தேடச் சொல்லியிருந்தோம். முப்பது நடுவில் இருப்பதால் உடனே கிடைத்துவிடும்.

"எல்லாரும் முப்பதையே தேடறாங்க மேடம். நான் ஐம்பதத் தேடச் சொன்னேன்" என்று சொல்லி ஒரு விசையை அழுத்தினாள்.

திரை அப்படியே நின்றது. கர்சர் மட்டும் துடித்தது. ஒரு நிமிடம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நிக்கவே மாட்டுது மேடம். நாப்பதுகிட்ட வந்து அங்கியே சுத்துது. ஒண்ணு கூட்டிக்கினாதான் அடுத்ததுக்குப் போவுது."

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, தான் எழுதியதை ஓட்டிக் காட்டினாள். ஐம்பது கிடைத்தது. அறுபதைத் தேடச் சொன்னாள். இல்லை என்று பதில் வந்தது.

மூன்று வருடமாக நான் சொல்லிக் கொடுத்தது அது. அதற்கு முன்னால் அந்த நோட்டுக்காரர் எத்தனை வருடம் சொன்னாரோ. நூற்றுக்கணக்கான பேர் அந்தத் தவறை எழுதி, தேறி, பட்டம் வாங்கிப் போயிருந்தார்கள். எனக்கு வெட்கம் வர வேண்டும் என்று தெரிந்தது. வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. மார்க்கைத் திருத்திப் போட்டுவிட்டு, "ஆனா பரீட்சையில நோட்ஸ்ல இருக்கற மாதிரியே எழுதிடு. திருத்தறவங்களும் அதத்தான் எதிர்பார்ப்பாங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "சரிங்க மேடம்" என்றாள்.

துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தன வருஷம் யாரும் கேக்கல. இப்ப மாத்தினா, அப்ப நாங்க படிச்சது இன்னான்னு பழைய புள்ளைங்க வந்து நிப்பாங்க. இந்த செமஸ்டர் போவட்டும்மா, பாத்துக்கலாம்." நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வாதாடியிருக்கலாம். வாதாடுவதற்கு ஏதோ ஒன்று வேண்டும், அது என்னிடம் இல்லை.

அந்த வாரமே, மதிய இடைவேளையில் அந்த வகுப்பைத் தாண்டிப் போனபோது உள்ளே சத்தம் கேட்டது. ஜன்னலில் பார்த்தேன். அவள் கரும்பலகை முன்னால் நின்றிருந்தாள். சாப்பாட்டு டப்பாக்களோடு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"பஸ்ஸுல அஞ்சு ஸ்டாப்பு. நீ கடைசி ஸ்டாப்புல எறங்கணும். டிரைவரு நாலாவது ஸ்டாப்புக்கே திரும்பித் திரும்பி வந்தா நீ எப்படி வூட்டுக்குப் போவ?"

சிரித்தார்கள். அந்த மூன்று வருடத்தில் என் வகுப்பில் ஒருவரும் சிரித்ததில்லை. பின் வரிசையில் ஒருவன் எழுந்து, "அப்ப இடது பக்கம் போவறப்ப மட்டும் ஏன் மாட்டிக்கல?" என்று கேட்டான். கேள்வி கேட்டான்! அவள் சாக்பீஸை எடுத்துப் பெட்டிகள் வரைந்தாள். நான் அங்கே நின்று முழுவதையும் கேட்டேன். அவளுடைய விடை எனக்கே புதிது. யாரும் திரும்பிப் பார்க்கும் முன் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் உட்கார்ந்தேன். செமஸ்டர் தேர்வில் அந்த வகுப்பில் பலர் சரியான விடையை எழுதினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். யாரும் அதற்காக மார்க் குறைக்கவில்லை. அடுத்த வருடம் நோட்டை மாற்றினேன். துறைத் தலைவருக்குச் சொல்லவில்லை. பழைய மாணவர்கள் யாரும் வந்து நிற்கவும் இல்லை.

அவளுடைய நான்காம் ஆண்டில் பல கல்லூரிகளுக்குச் சேர்த்து வேறு ஊரில் நடந்த நேர்முகத் தேர்வுக்கு எங்கள் பிள்ளைகளை பஸ்ஸில் அழைத்துப் போனோம். நாற்பது பேரில் அவள் ஒருத்தி தேர்வானாள். அடுத்த வாரம் அவளுடைய அப்பா கல்லூரிக்கு வந்தார். வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். சட்டைக் காலரில் வெள்ளைமண் படிந்திருந்தது. கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"பாப்பா படிச்சுக் காட்டிச்சு. இருந்தாலும் நீங்க ஒருதரம் பாத்துச் சொன்னீங்கன்னா… இது நெசந்தானுங்களே மேடம்?"

படித்தேன். எனக்கு வந்த கடிதம்போலவே இருந்தது, கம்பெனி பெயர்தான் வேறு. சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்ற வரி கடைசிக்கு முந்தைய பத்தியில் இருந்தது.

"நெசந்தாங்க."

"எப்பங்க கூப்புடுவாங்க?"

அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கட்டடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. "படிப்பு முடிஞ்சதும் கூப்பிடுவாங்க" என்றேன். அவர் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டுப் போனார்.

அவள் படிப்பை முடித்த வருடம்தான் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தன. ஆகஸ்டில் கூப்பிடுவதாகச் சொன்னவர்கள் ஜனவரி என்றார்கள்; ஜனவரியில் பதிலே இல்லை. பொங்கல் கழிந்து ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அப்பா வேலை செய்யும் கம்பெனியிலேயே, சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கும் வேலையில் இருந்தாள்.

"தட்டிப் பாத்தாலே சத்தத்துல தெரிஞ்சிடும் மேடம்" என்றாள். "ஒரு நாளைக்கு இத்தனன்னு கணக்கு. யோசிக்கவே வேணாம், கை அதுபாட்டுக்குப் போவுது."

அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. எங்கள் துறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று அவளுடைய பஸ் வரும்வரை நின்றேன். சொன்னால் என்னைப்போல ஆகிவிடுவாள். சொல்லாவிட்டால் அங்கேயே இருப்பாள். பஸ் கிளம்பும்போதுதான் சொன்னேன்.

பத்து நாளில் என் பக்கத்து மேசைக்கு வந்தாள். புடவையை எப்படிக் கட்டினாலும் அவளுக்கு நிற்கவில்லை. வகுப்பில் தமிழில்தான் நடத்தினாள். துறைத் தலைவர் கூப்பிட்டு, "ஏம்மா, இங்கிலீஷ்ல பேசும்மா, இன்ஸ்பெக்‌ஷன் வரப்போறாங்க" என்றார். "வரட்டுங்க சார், அன்னிக்கி பேசிக்கறேன்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தாள்களைத் திருத்துவதுபோல் குனிந்துகொண்டேன். அவளுடைய வகுப்பு நடக்கும்போது லேபில் சண்டை நடப்பதுபோல் கேட்கும். ஓடாத எட்டு கம்ப்யூட்டர்களில் மூன்றை மாணவர்களே கழற்றி, மாற்றி மாட்டி, ஓட வைத்தார்கள்.

எட்டு மாதம் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தானாகவே சென்னைக்குப் போய் சின்னச் சின்னக் கம்பெனிகளில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள் என்பது கடைசி வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது.

"நீங்களும் வாங்க மேடம். உங்க ரெஸ்யூமக் குடுங்க, எங்க ஆபீஸ்ல சொல்றேன்."

"பாக்கலாம்" என்றேன்.

அவள் விடவில்லை. சென்னைக்குப் போன மூன்றாவது மாதம் ஃபோன் செய்து நேர்முகத் தேர்வுக்குத் தேதி சொன்னாள். நான் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை; மறுப்பதற்கும் காரணம் தோன்றவில்லை. கண்ணாடி அறையில், என் மாணவனாக இருக்கக்கூடிய வயதில் ஓர் இளைஞன் மரியாதையாக உட்காரச் சொன்னான். கேட்ட முதல் மூன்று கேள்விகளுக்கு வரிவரியாகப் பதில் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

"நீங்களா எதாவது எழுதியிருக்கீங்களா மேடம்? சின்னதா இருந்தாலும் பரவால்ல. யாராவது யூஸ் பண்ற மாதிரி?"

யோசித்துப் பார்த்தேன். நேர்மையாகத்தான் யோசித்தேன்.

"இல்ல" என்றேன்.

அவன் குறித்துக்கொண்டு, தெரிவிக்கிறோம் என்றான். வெளியே அவள் நின்றிருந்தாள். ஜீன்ஸ் போட்டிருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை. "எப்படிப் பண்ணீங்க மேடம்?" என்றாள். "நல்லாப் பண்ணேன்" என்றேன். அவள் முகத்தில் தெரிந்தது, நம்பவில்லை என்று. காபி வாங்கிக் கொடுத்தாள். அப்பா இப்போது சூளை வேலையை விட்டுவிட்டதாகவும், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அவளிடமே சண்டை போடுவதாகவும் சொல்லிச் சிரித்தாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

அன்றிரவு சென்னையிலேயே மாமா வீட்டில் தங்கிவிட்டு, விடியற்காலை பஸ் பிடித்து வேப்பூரில் இறங்கினேன். நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். எதிரே விருத்தாசலம் பஸ் வந்து நின்றது. எழவில்லை. அது போய் இன்னொன்று வந்தது. அதையும் விட்டேன். அழுகை வந்துவிடும்போல இருந்தது. அப்படி ஒன்று வந்தே பல வருடம் ஆகியிருந்ததால், அது என்னவென்று தெரிந்துகொள்ளவே சிறிது நேரம் பிடித்தது. பிறகு அதுவும் போய்விட்டது. கடைக்காரர், "இன்னாங்க, இன்னும் எதுனா வேணுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். மூன்றாவது பஸ்ஸில் ஏறினேன்.

கல்லூரிக்குப் போனபோது இரண்டாம் பீரியட் தொடங்கியிருந்தது. துறைத் தலைவர் வராந்தாவில் நின்றிருந்தார்.

"எங்கம்மா நேத்தெல்லாம் ஆளே காணும்?"

"உடம்பு சரியில்ல சார்."

"மூணு மாசமா ஆளாளுக்கு மாத்தி எடுத்த அந்தப் பொண்ணு வகுப்பும் இனிமே உனக்குத்தாம்மா. வேற ஆள் கெடைக்கல."

டைம்டேபிள் தாளை வாங்கிக்கொண்டேன். லேபில் முப்பது பேர் சத்தமாக ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சத்தம் நின்றுபோனது.

"உக்காருங்க" என்றேன். "எதப் பத்திப் பேசிட்டிருந்தீங்க? சொல்லுங்க."

யாரும் வாய் திறக்கவில்லை. நான் காத்திருந்தேன்.