ஓடையைச் சுத்தம் செய்தோம்

சிங்கவரத்துக்கு அப்பால் மலையடியில் ஓடுகிறது எங்கள் ஓடை. மழை பெய்தால் அரை நாள் வெள்ளம், மறுநாள் வெறும் மணல். அரசாங்கத்தின் நீர்வடிப்பகுதித் திட்டத்தில் அதன் குறுக்கே தடுப்பணை கட்ட, இன்ஜினியர் இடம் பார்க்க வருவதாக ஊராட்சித் தலைவர் சொன்னார். ஓர் அணைதான். எங்கள் ஓடை தோதுப்படவில்லை என்றால் பக்கத்து ஊருக்குப் போய்விடும். என் கிணற்றில் மோட்டார் கால் மணி நேரம்தான் ஓடியது. எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைச் செடி வாடிக்கொண்டிருந்தது.

"ஆபீசர் வர்ற எடம் குப்பையா இருக்கக்கூடாது" என்றார் தலைவர். நூறு நாள் வேலைக்காரர்கள் எல்லோரும் இறங்கினோம். புங்கமரக் கிளைகளில் தொங்கிய வைக்கோல், செத்தை எல்லாவற்றையும் நான் அறுத்துப் போட்டுக் கொளுத்தினேன்.

"இன்னாங்க, ஓடையில தேர் இழுக்கப் போறீங்களா?" என்றாள் என் மனைவி.

மறுநாள் நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்க, இன்ஜினியர் மணலில் நின்று மரங்களை அண்ணாந்து பார்த்தார்.

"இங்க தண்ணியே வராது போலிருக்கே. வெள்ளம் வந்தா கிளையில செத்தை மாட்டியிருக்கும். அந்த உயரத்தை வச்சுதான் நாங்க கணக்குப் போடுவோம்."

"வரும் சார், நல்லா வரும்" என்றார் தலைவர்.

"நீங்க சொல்றதை எழுத முடியாதுங்க. அடையாளம் வேணும்."

நோட்டை மூடிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். கிராம சபையில்கூடக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் நிற்பவன் நான். மனைவி என் முதுகில் இடித்தாள்.

"நான்தாங்க அறுத்துட்டேன்" என்றேன். இன்ஜினியர் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"எதை?"

"செத்தையை. நீங்க வர்றீங்கன்னு." சாம்பலைக் காட்டினேன்.

"சாம்பல் எந்த உயரத்துல தொங்குச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் நினைவு வந்தது. ஓடை வளைவில் ஒரு கிளையை மட்டும் அறுக்காமல் விட்டிருந்தேன். அதில் குளவிக்கூடு. கூட்டுக்குக் கீழே, என் தலை உயரத்தில், வெள்ளம் கொண்டுவந்த கோணிக் கிழிசல் மாட்டியிருந்தது.

அங்கே கூட்டிப் போனேன். யாராவது அளவுக் கம்பைக் கிளைக்கடியில் நிறுத்தி, கிழிசல் இருக்கும் இடத்தில் விரல் வைக்க வேண்டும். இன்ஜினியர் தள்ளி நின்று கருவி வழியாகப் பார்ப்பார்.

"எனக்குக் கொளவின்னா ஆவாது சார்" என்று டிரைவர் கம்பை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

முதல் கொட்டு மணிக்கட்டில்.

"ஆட்டாம புடிங்க."

இரண்டாவது காதுமடலில். கண்ணை மூடிக்கொண்டேன். விரலை எடுக்கவில்லை. அவர் ஒரு முறை பார்த்தார், எழுதினார். சந்தேகம் வந்து மறுபடியும் பார்த்தார்.

"தண்ணி நல்லாத்தான் வந்திருக்கு. அணைக்கு இங்கயே சுண்ணாம்புக் கோடு போடுங்க."

டிரைவர் சுண்ணாம்புக் கூடையை எடுத்துவந்து தூவ, மணலின் குறுக்கே, கரையிலிருந்து கரைக்கு, வெள்ளைக் கோடு விழுந்தது. கொட்டின இடத்தில் தடவ என் மனைவி குனிந்து அந்தக் கோட்டில் கை வைக்கப் போனாள்.

"அதுல எடுக்காத" என்றேன். "கூடையில எடு."