கழுத்தில் கத்தி இருக்கும்போது சோஷலிசம் பேசக் கூடாது

முடிவெட்டுகிற பிழைப்பில் பாதி வலிதான் காலுக்கு, மீதி வலி காதுக்கு. நாள் முழுக்க நின்றுகொண்டே அடுத்தவர் பேச்சுக்கு ‘ம்’ கொட்டிப் பிழைக்கிறீர்களா? அப்படியானால் என் அவஸ்தை உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

சிங்கப்பூர் தேக்காவில் இருபது வருஷமாகக் கத்தி பிடிக்கிறேன். என் கடையில் ஒரே ஒரு சட்டம். கழுத்தில் கத்தி இருக்கும்போது நாற்காலியில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது, தலையும் ஆட்டக் கூடாது. மந்திரியே வந்தாலும் இதுதான். இத்தனை வருஷத்தில் என் கையால் ஒருத்தருக்கும் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. சும்மா சொல்லவில்லை, விசாரித்துப் பாருங்கள்.

வீடு யார் கட்டியது?

ஞாயிறு காலை இரண்டு பேர் சேர்ந்தே வருவார்கள். முத்து அண்ணன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முடியாதவனை அரசாங்கம் தாங்கணும், அதுதான் சோஷலிசம் என்பார். காதர் பாய் நாற்பது வருஷம் துணிக்கடை நடத்தியவர். மனுஷன் தன் காலில் நிற்கணும், தாங்கித் தாங்கியே சோம்பேறி ஆக்கிடுவாங்க என்பார். சட்டம் தெரிந்ததால் இருவரும் முதலில் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தவர் வாய்க்குப் பூட்டு, நிற்பவருக்குக் கொண்டாட்டம்!

ஒருநாள் பாய் மாட்டிக்கொண்டார். தாடி ஓரத்தில் நான் கத்தியை வைத்ததுதான் தாமதம், அண்ணன் ஆரம்பித்துவிட்டார். “தன் கால், தன் கால்னு பேசுறீங்களே பாய், நீங்க இருக்குற புக்கிட் மேரா வீட்ட யார் கட்டினது? அரசாங்கம்தானே?” பாய்க்கு மூக்கு விடைத்தது. ஆனால் மனுஷர் அசையவில்லை. நான் துண்டால் முகத்தைத் துடைத்த மறுநிமிஷம் பொரிந்து தள்ளினார்:

“கட்டினது அரசாங்கம். தினம் கூட்டிப் பெருக்குறது யாரு? நான் லா!”

துவாஸ் தம்பி

இன்னொரு ஞாயிறு, சண்டை உச்சத்தில் இருந்தது. அண்ணன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார், பாதித் தலை வெட்டாமல். வரிசையில், ஊரிலிருந்து வந்து துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாளில் வந்து உட்கார்ந்திருந்தார். அவரையே நடுவராக்கினார்கள். அரசாங்கம் கொடுக்கணுமா, நாமே பார்த்துக்கணுமா, நீயே சொல்லு தம்பி என்றார்கள். அவர் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தார். அடேங்கப்பா, என்ன நிதானம்!

“அண்ணே, எனக்கு யாரும் குடுக்கவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. சீக்கிரம் முடிங்க, பஸ்ஸு போயிடும்.”

அன்றைக்கு அந்தத் தம்பிக்குத்தான் முதலில் வெட்டினேன்.

முடிந்துபோன தாடி

போன வருஷம் பாய்க்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பினார், ஆனால் இடது கால் விழுந்துவிட்டது. வீட்டில் அவரும் மனைவியும்தான். இரண்டு மாதம் மனுஷர் வாசலைத் தாண்டவில்லை, ஜும்மா தொழுகைக்குக்கூடப் போகவில்லை. அரசாங்கத்துக்கு ஒரு மனுப் போட்டால் சக்கர நாற்காலி கிடைக்கும். ‘நான் யாரிடமும் கை நீட்டியவன் இல்லை’ என்று பாய்க்குப் பிடிவாதம். என் கடையில் அண்ணன் கத்தி இல்லாமலே வாயை மூடி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்கே போனேன், அண்ணனும் வந்தார். பாய் கழுத்தில் கத்தியை வைத்தேன். அண்ணன் சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்து வரிவரியாகப் படித்தார். பாய் கண்ணை உருட்டினார். சட்டம் சட்டம்தான், தலை ஆடவில்லை. படித்து முடித்ததும் அண்ணன் மனுவைப் பாய் மடியில் வைத்தார். “நாப்பது வருஷம் வரி கட்டினீங்க. அதுல எத்தனை பேரு எழுந்து நடந்தாங்களோ! இப்ப உங்க முறை பாய். நீங்க கீழ இறங்கலைன்னா நான் யார்கூட சண்டை போடுவேன்?”

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தாடி வேலை எப்போதோ முடிந்திருந்தது. அண்ணன் பேசி முடிக்கட்டும் என்று கத்தியை எடுக்காமல் நின்றது நான்தான். பிறகு துண்டால் துடைத்துவிட்டேன். பாய் பேனாவுக்குக் கை நீட்டினார்:

“கையெழுத்துப் போடுறேன். ஆனா நாற்காலிய நானே தள்ளிப்பேன். பின்னால வந்து கைய வச்சே, கொன்னுடுவேன் முத்து!”

இப்போது ஞாயிறுதோறும் அரசாங்கம் கொடுத்த நாற்காலியைத் தன் கையாலேயே தள்ளிக்கொண்டு பாய் வருகிறார், இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு அண்ணன் பின்னால் வருகிறார், ஜெயித்தது யார் என்ற சண்டை மட்டும் இன்னும் என் காதில்தான் நடக்கிறது.