கணக்கு வாத்தியாரின் கைக்குட்டை

அப்பாவின் சட்டையில் எப்போதும் புளித்த வாடை ஒன்று இருக்கும். வீரபாண்டிச் சாயப்பட்டறையிலிருந்து அவர் வந்ததுமே, "தண்ணி படாம உதறிப் போடுங்க, பட்டா பிடிச்சிக்கிடும்" என்று அம்மா வாசலில் சத்தம் போடுவாள். உலர்ந்திருக்கும்வரை வெறும் தூசியாகத் தெரியும் சாயத்தூள், ஈரம் பட்டால் தன் நிறத்தைக் காட்டிவிடும். நான் பழிவாங்க அதுதான் கைகொடுத்தது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த எங்களுக்குத் திருப்பூரில் வேலை உடனே கிடைத்தது. என் பேச்சுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. ஆறாம் வகுப்பில் "நோட்ட அங்கன வச்சிருக்கேன் சார்" என்று நான் சொன்ன முதல் நாளே கணக்கு வாத்தியார் என்னைப் பெஞ்சின்மேல் ஏற்றி, "ஏனுங்க அம்மணி, இன்னொருக்கா சொல்லுங்க, எல்லாருங் கேக்கட்டும்" என்றார். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன். கையை மட்டும் தூக்குவேன். மதியச் சோற்றைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாகத் தின்றேன்.

அங்கே ஒருநாள் தூக்குப்போசியோடு வந்து உட்கார்ந்தவள் என் வகுப்புக் கவிதா. "நானுந்தான் அன்னைக்குச் சிரிச்சேன் புள்ள, தப்புத்தான்" என்று சொல்லிவிட்டுப் பருப்புச் சோற்றில் பாதியை என் தட்டில் தள்ளினாள். பிறகு என் ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி, "ஏட்டி", "ஏட்டி" என்று நாள் முழுக்கக் கூப்பிட்டாள். "அந்தாளைச் சும்மா உடக்கூடாது" என்றவளும் அவளே.

அப்பாவின் சட்டைப்பை மடிப்பில் தங்கிய தூளை நான் காகிதத்தில் பொதிந்து கொண்டுபோக, நாற்காலியில் வாத்தியார் போட்டுவைக்கும் கருநீலக் கைக்குட்டையில் கவிதா அதைத் தூவினாள். பங்குனி வெயிலில் வேர்வையைத் துடைக்கத் துடைக்க நெற்றி, மூக்கு, கழுத்து, காதெல்லாம் ஊதா ஏறியது. அவருக்கு மட்டும் தெரியவில்லை. அன்று வகுப்பு சிரித்த சிரிப்பு இன்றும் என் காதில் இனிக்கிறது.

"எவ வேலை இது?" என்று தன் விரல்களில் ஊதாவைக் கண்ட அவர் பிரம்பை எடுத்ததும் கவிதா எழுந்தாள். "நானுங்க சார்." அவள் உள்ளங்கையில் முதல் அடி விழுந்தபோது என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அவள அடிக்காதிய! தூளு கொண்டாந்தது நாந்தான்!"

யாரும் சிரிக்கவில்லை. இருவரும் வெயிலில் முட்டி போட்டோம். அவர் சில நாட்கள் ஊதாக் காதோடு வந்துபோனார். வருத்தமா? துளியும் இல்லை.

அப்பாவின் பட்டறை மூடிப் பல வருடமாகிவிட்டது. என் ஊர்ப் பேச்சும் போய்விட்டது. வாயைத் திறந்தால் "ஏனுங்க", "சொல்லுங்க" என்றுதான் வருகிறது. அந்த வாத்தியார் என்னிடமிருந்து பிடுங்கியதில் அது மட்டும் திரும்பவில்லை, அதற்கு அந்த ஊதா போதாது என்றே இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். சாமளாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் கவிதா போனில், "ஏட்டி, எங்கன இருக்க?" என்கிறாள்.

"ஊட்லதான் புள்ள" என்கிறேன் நான்.