அக்கா அளந்த ஐந்தரை அடி

எங்கள் அக்காவின் வாழ்க்கையைச் சொல்வதற்கு முன் என் முட்டாள்தனம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கொட்டகையில் டிராக்டர் நிற்க, அதை அளக்காமல் அதன் கையேட்டைப் படித்துச் சாமான் வாங்கியவன் நான். வீட்டில் நாலு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவனுக்கு வரக்கூடிய வியாதி இது. அந்தச் சாமானால் அக்கா தம் வீட்டைவிட்டே கிளம்ப வேண்டி வந்திருக்கும்.

அக்கா கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அம்மா காலமானபோது அவருக்கு வயது பதின்மூன்று, எனக்கு நாலு. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டார். விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுத்துவிட்டுப் பால் மரம் வெட்டப் போனார். அவர் மரம் வெட்டியதால் நான் படித்தேன், ஈப்போவில் ஆசிரியரானேன், எதையும் அளக்காமல் பேசப் பழகினேன்.

அவருக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இல்லை. அத்தான் ஒரு சிறிய டிராக்டரை வைத்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலைகள் ஏற்றிப் பிழைத்தார். அவர் மறைந்தபின், வண்டியை விற்றுவிடலாம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்பத்தைந்து வயதில் ஓட்டக் கற்றார்.

தோட்டம் கைமாறியபின் அங்கே பன்னிரண்டு வீடுகள்தாம் மிஞ்சின. அவற்றுக்குப் போகும் ஒரு கிலோமீட்டர் செம்மண் ரோட்டுக்கு உரிமையாளர் யாருமில்லை. மாவட்ட மன்றத்தைக் கேட்டால் கம்பெனியைக் கேள் என்பார்கள். கம்பெனியைக் கேட்டால் மன்றத்தைக் கேள் என்பார்கள். அக்கா யாரையும் கேட்கவில்லை. பழைய இரும்பு உத்திரமொன்றை டிராக்டரில் கட்டி இழுத்து, வருடக்கணக்காக அந்த ரோட்டைத் தாமே பார்த்துக்கொண்டார்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரம் மூன்று நாள் சிகிச்சை மையத்து வேன் வீட்டுக்கு வந்து அழைத்துப் போகும். ஒரு மழைக்காலத்தில் வேன் ஓட்டுநர் கையை விரித்துவிட்டார்.

“அக்கா, ரோடு இப்படி இருந்தா வேன் உள்ள வராதுலா. ரெண்டு வாரம் பாக்குறேன். அப்புறம் நீங்கதான் மெயின் ரோட்டுக்கு வந்து நிக்கணும்.”

சிகிச்சை முடிந்து திரும்பும் உடம்பு ஒரு கிலோமீட்டர் நடக்குமா? ஒன்று, ரோடு சரியாக வேண்டும். இல்லையென்றால் அக்கா எங்கள் ஈப்போ வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவருக்கென்று ஓர் அறையை ஒழித்து நீலச் சாயம்கூட அடித்து வைத்திருந்தோம்.

உத்திரம் மண்ணைத் தள்ளுமே தவிர, பள்ளத்தை நிரப்பாது. அதற்கு பாக்ஸ் பிளேடு வேண்டும். டிராக்டரின் பின்னால் மாட்டுகிற, அடியில்லாத இரும்புப் பெட்டி அது. அதன் பற்கள் மண்ணைக் கிளறும், தகடு மேட்டைச் சீவும், சீவிய மண்ணைப் பெட்டி இழுத்துப்போய்ப் பள்ளத்தில் விடும். “நானே வாங்கி வாரேன்” என்றேன். பின் சக்கரங்களின் அகலம் நாலடி என்றது கையேடு. நாலடியிலேயே வாங்கினேன். சரிவில் வண்டி கவிழாமலிருக்க அத்தான் சக்கரங்களை வெளியே தள்ளி மாட்டியிருந்த விஷயம் கையேட்டுக்குத் தெரியாது.

அக்கா ஓட்டிப் பார்த்தார். ரோட்டின் நடுப்பகுதி மேசைபோல் ஆனது. பிளேடுக்கு வெளியே ஓடிய சக்கரங்கள் இரு பக்கமும் வாய்க்கால் வெட்டிவிட்டன. மறுநாள் மழையில் இரண்டிலும் தண்ணீர் ஓடியது. ஓட்டுநர் தந்த கெடுவில் ஒரு வாரம்தான் மிச்சம்.

பக்கத்து வீட்டு பாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அண்ணே, அக்காவ ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போவணும்னுதானே வேணும்னே சின்னதா வாங்குனீங்க?”

நான் வாய் திறக்குமுன் அக்கா எனக்காகப் பேசினார். “சும்மா இருடி. அவனுக்கு அவ்ளோ வெவரம் ஏது?”

என்னைக் காப்பாற்றிய அந்தச் சாட்சியம் முழு உண்மையல்ல. திட்டம் போடவில்லைதான். ஆனால் அந்த வாய்க்கால்களைப் பார்த்தபோது மனத்தின் ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை அக்காவிடம் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

மறுநாள் சிகிச்சை இல்லாத நாள். அக்கா டிராக்டரின் பின்னால் குந்தினார். ஒரு சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து மறு சக்கரத்தின் வெளி விளிம்புவரை கயிறு பிடித்தார். இரு பக்கமும் நாலு விரல் கூட்டி முடிச்சுப் போட்டார். அந்தக் கயிற்றோடும் நாலடி பிளேடோடும் கடைக்குப் போனோம். செய்த தவறுக்குப் பரிகாரமாக, ஏழடி பிளேடைக் காட்டி, “ஒரேயடியா பெருசா எடுத்துருவோம்க்கா” என்றேன்.

“ஏழடி பொட்டியில மண்ணு ரொம்புனா நம்ம வண்டி இழுக்குமா? முன்சக்கரம் தூக்கிக்கும். நீ பேசாம இரு தம்பி.”

கடைக்காரத் தவுக்கே சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு நாற்காலி போட்டார். “உங்க அக்காவுக்குத் தெரியுதுலா. நீங்க உக்காருங்க, சார்.”

கயிற்றுக்குச் சரியாக ஐந்தரை அடி பிளேடு பொருந்தியது. நாலு நாளில் ரோடு படிந்தது. வேன் வாசல்வரை வந்தது.

அன்று மாலை அக்கா கேட்டார்: “ரூமுக்கு என்னா கலரு அடிச்ச?”

“நீலம்க்கா.”

“நல்லாதான் இருக்கும். தீவாளிக்கு வந்து பாக்குறேன்.”

அப்படியே வந்தார். இரண்டு நாள் இருந்து நீலத்தைப் பாராட்டினார். மூன்றாம் நாள், வேன் வந்துவிடும் என்று கிளம்பிவிட்டார். அதன்பின் இன்னும் இரண்டு மழைக்காலங்களை அந்த வீட்டிலேயே கண்டார். சென்ற ஆண்டு, காலைத் தேநீர் குடித்துவிட்டுத் தம் கட்டிலில் சாய்ந்தவர் அப்படியே அடங்கிவிட்டார்.

சொன்ன சொல் தவறாமல் வாசலுக்கு வந்த வேன் ஓட்டுநருக்கும், சிகிச்சை மையத் தாதியருக்கும், கீறல் விழுந்த பிளேடை முகம் சுளிக்காமல் மாற்றித் தந்த தவுக்கேவுக்கும், கடைசிவரை கஞ்சி காய்ச்சித் தந்த பாக்கியம் குடும்பத்துக்கும், முதலாண்டு நினைவுக்கு இத்தனை தொலைவு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

உங்கள் கார்கள் சிரமமின்றி வரட்டுமென்று சென்ற வாரம் நானே டிராக்டரை எடுத்து, அந்த ஒரு கிலோமீட்டரையும் சமப்படுத்தினேன். இறங்கி வியர்வையைத் துடைத்தபோது பாக்கியம் வந்து நின்றார்.

“நீங்களா அண்ணே? நான் மழையில கெட்டுப்போச்சுன்னுல்ல நெனச்சேன்.”