நேரா நிக்கிற குளோப்

நான் படிச்ச பள்ளிக்கூடத்தில ஒரு குளோப் இருக்கு. மற்ற குளோப் எல்லாம் சாய்ஞ்சு நிக்கும், அது மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நேரா நிக்கும். அதை அப்பிடி ஒட்டினது என்ர அப்பா. இதைச் சொன்னா இப்பவும் ஆக்கள் சிரிப்பினம். சிரிக்கட்டும். சிரிச்சு முடிய மிச்சத்தையும் இருந்து கேக்கட்டும்.

அப்பா வளந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில. வெல்டிங் வேலையும் அங்கதான் பழகினவர். நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, மன்னார்ப் பள்ளிமுனைக் கரையில ஒரு தகரக் கொட்டில் போட்டு, வள்ளங்களுக்கு எஞ்சின் பூட்டுற இரும்புச் சட்டம் ஒட்டிக் குடுத்தார். மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில நிண்ட வருசம் வந்துது. வள்ளங்கள் கரையில கிடந்துதுகள். வள்ளம் போகாட்டி அப்பாவுக்கு என்ன வேலை? கரண்டும் பாதி நாள் இல்லை. திரும்ப இந்தியாவுக்கே போவமோ எண்டு அவர் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கின நேரத்தில, பள்ளிக்கூடத்தில உடைஞ்ச கதிரை மேசையளை ஒட்ட ஆள் தேடுகினம் எண்டு நான் வந்து சொன்னன். மாதக்கணக்கா இழுக்கக்கூடிய வேலை. அது கிடைச்சா அப்பா போகமாட்டார். எனக்கு அது ஒண்டுதான் வேணும்.

ஆளைத் தெரிவு செய்யிற பொறுப்பு எங்கட புவியியல் ரீச்சரிட்ட இருந்துது. தேன் மாதிரிக் குரல் அவவுக்கு. அந்தக் குரலால சொல்லுறதுகள்தான் தாங்கேலாது. "ஓ, இந்தியாக்காரரோ?" எண்டு கேட்டா. முகாமில இருந்து திரும்பி வந்த எங்களுக்கு அவ வச்ச பேர் அது. பிறகு அலுமாரிக்கு மேல உடைஞ்சு கிடந்த குளோப்பை இறக்கித் தந்து, முதல் இதை ஒட்டித் தரட்டும், கைவேலையைப் பாத்துப்போட்டு மிச்சத்தைச் சொல்லுறன் எண்டா. உப்புக்காத்தில கால் இத்துப்போய், உருண்டையைத் தாங்குற வளைவு தனியாவும் அடித்தட்டு தனியாவும் கிடந்துது.

எங்கட வீட்டில ஒருத்தரும் அதுவரைக்கும் நல்ல குளோப் ஒண்டைக் கிட்டத்தில பாத்ததில்லை. எஞ்சின் சட்டம் ஒட்டேக்க நூலில ஆணியைக் கட்டித் தொங்கவிட்டு நேர் பாக்கிறது அப்பான்ர வழக்கம். சட்டம் கொஞ்சம் சரிஞ்சாலும் வள்ளம் ஒரு பக்கமா இழுக்கும், வள்ளக்காரர் வந்து வாசலில நிண்டு கத்துவினம். குளோப்புக்கும் அப்பிடியே நூல் விட்டார். பழைய ஒட்டு சரிவாக் கிடந்ததைக் கண்டவர்தான். கீழ விழுந்து நெளிஞ்சு போச்சு எண்டு நினைச்சு, அதை அராவித் தள்ளிப்போட்டு, வடதுருவமும் தென்துருவமும் நூலோட ஒரே நேரில நிக்க ஒட்டினார். வள்ளத்துக்கு அடிச்ச மிச்ச நீலப் பெயின்ரும் கால் முழுக்கப் பூசினார். நான் விரலால தட்டினன், ஒரு சத்தமில்லாமச் சுத்திச்சு. வேலை எங்களுக்குத்தான் எண்டு எனக்கு நிலத்தில கால் பாவேல்லை.

ரீச்சர் அதை மேசையில வச்சுப் பாத்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா. சிரிச்சுச் சிரிச்சுக் கதிரையில குந்தி, பக்கத்து வகுப்பு ரீச்சரையும் கூப்பிட்டுக் காட்டினா. முகாமில பூமி நேராத்தான் சுத்துறதோ எண்டு என்னட்டக் கேட்டா. அண்டைக்குத்தான் எங்களுக்குச் சாய்வைப் பற்றிப் படிப்பிச்சா. பூமி ஒரே பக்கமாச் சாய்ஞ்சபடி சூரியனைச் சுத்துதாம். அதாலதான் ஒருக்கா மேல்பாதிக்கு வெயில் கூட விழுமாம், ஒருக்கா கீழ்பாதிக்குக் கூடவாம், கோடையும் குளிரும் அப்பிடித்தான் வருதாம். இவளின்ர அப்பா செய்த உலகத்தில ஒரு காலமும் மாறாது எண்டா. வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது.

"அப்பன் நிமித்தினதை மகள் சாய்ச்சுப் பிடிக்கட்டும்," எண்டு சொன்னா.

அண்டையில இருந்து அது என்ர வேலையாப் போச்சு. மேசை நடுவில டோர்ச் எரியும், அதுதான் சூரியன். நான் குளோப்பைச் சாய்ச்சுத் தூக்கிக்கொண்டு சுத்திவர நடக்கவேணும். கதவுப் பக்கம் சாய்ச்சுத் தொடங்கினா, எங்க போனாலும் கதவுப் பக்கம்தான் சாயவேணும். என்னோட சேந்து சாய்வும் திரும்பினா முழங்கையில அடிமட்டத்தால அடி விழும். பெடியள் எனக்கு "நேர்பூமி" எண்டு பேர் வச்சாங்கள். ஒருநாள் ஒரு பிள்ளை, இதில மன்னார் எங்க ரீச்சர் எண்டு கேட்டுது. சின்ன இடங்களை விட்டுப்போட்டுத்தான் மாதிரி உருண்டை செய்யிறது, விட்டாலும் ஒரு குறையுமில்லை எண்டு என்னைப் பாத்துச் சொன்னா.

பின்னேரத்தில அப்பா கேப்பார், குளோப் எப்பிடி நிக்குது பிள்ளை எண்டு. நல்லா நிக்குது எண்டுவன். வேற என்னத்தைச் சொல்ல? கதிரை மேசையைப் பற்றி ஏதும் சொன்னவையோ எண்டு கேப்பார். இன்னும் இல்லை எண்டுவன். காத்திருந்து பாத்துப்போட்டு, பெற்றோர் கூட்டத்துக்குக் கோயிலுக்குப் போடுற சேட்டுப் போட்டுக்கொண்டு தானே வந்தார். வேலையைப் பற்றி மெல்லக் கேட்டார். ரீச்சர் பதில் சொல்லாமக் குளோப்பை எடுத்து எல்லாரும் பாக்க மேசையில வச்சு, நடந்ததை அந்தத் தேன்குரலில சொன்னா.

அப்பா குனிஞ்சு, தான் ஒட்டின இடத்தை விரலால தடவிப் பாத்தார்.

"சாய்ஞ்சிருக்க வேணுமெண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை ரீச்சர். தாங்கோ, திரும்ப ஒட்டித் தாறன்."

"வேண்டாம், இருக்கட்டும்," எண்டா. "பிழை எப்பிடியிருக்கும் எண்டு பிள்ளையளுக்குக் காட்டவும் ஒரு சாமான் வேணும்தானே."

தாய் தேப்பன்மார் சிரிச்சினம். அவையோட சேந்து அப்பாவும் சிரிச்சார். ரீச்சரைக் கூட நான் மன்னிப்பன், அந்தச் சிரிப்பை மறக்கேலாது. எனக்கு அவரை உலுப்பவேணும் போல இருந்துது. கதிரை மேசை வேலையை வேற ஆருக்கோ குடுத்தாச்சு எண்டு, கூட்டம் முடிஞ்சு போகேக்க வாசலில வச்சு ரீச்சர்மார் சொன்னவை.

அப்பா இந்தியாவுக்குக் களவா வள்ளமேறினார். எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகக் காசில்லை, அம்மாவும் நானும் நிண்டிட்டம். வள்ளக்காரர் இராமேஸ்வரத்துக்குக் கிட்ட ஒரு மணல்திட்டியில இறக்கிவிட, அங்கத்தைப் பொலிஸ் பிடிச்சு முகாமில சேத்ததாம். அவர் சின்னனில வளந்த அதே முகாம்.

அடுத்த புவியியல் பாடத்தில ரீச்சர் என்னை முன்னுக்குக் கூப்பிட்டா. உன்ர அப்பா இப்ப எங்க நிக்கிறார், வகுப்புக்குக் காட்டு பாப்பம் எண்டா. இடக்கையால குளோப்பைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கொண்டு, வலக்கை விரலைக் கொண்டுபோய் இராமேஸ்வரத்துக் கரையில வைக்கப் பாத்தன். எங்க வைக்கிறது? அந்தக் குளோப்பில இலங்கையே என்ர நகமளவுதான். விரல் நுனிக்குக் கீழ அப்பான்ர முகாமும் கிடந்துது, எங்கட கொட்டிலும் கிடந்துது, நடுவில அவர் போன கடலும் கிடந்துது. விரலை எடுக்க மனமில்லை.

"விரலை எடு," எண்டா ரீச்சர். "இலங்கை தெரியேல்லை."

எடுத்தன். அவ டோர்ச்சைப் போட்டா. நான் கதவுப் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சுக்கொண்டு சுத்தி நடக்கத் தொடங்கினன்.